முப்பத்தேழாம் வீட்டுப் பலகை

எனக்கு வாய் நீளம். அம்பாங்கானில் எங்கள் கடை வரிசையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஸ்டிக்கர் கடை கமர்ஜஹானிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாருமில்லை என்று. என் வீட்டுக்காரர் ஃபாரூக் பேசவே மாட்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கிறது. இந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் நான் செய்த காரியத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இது என் கதை இல்லை, எங்கள் கடையில் வேலை செய்யும் லோகேஸ்வரியின் கதை.

லோகா எங்களிடம் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வயது நாற்பத்தேழு, பிள்ளை இல்லை. கோலா சாவாவிலிருந்து மோட்டாரில் வருவாள். கடை திறப்பது எட்டரைக்கு. எட்டு இருபதுக்கே வந்து ஷட்டர் முன்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். "பாகி, கமர்க்கா" என்று மலாயில் காலை வணக்கம் சொல்வாள். அத்தோடு சரி, மத்தியானச் சோறு வரைக்கும் பேச்சு கிடையாது. ஒரு மனுஷி இப்படியும் இருப்பாளா என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். பிறகு பழகிவிட்டது.

கல்யாண மேடைக்கு மாப்பிள்ளை பெண் பெயர், கோயில் திருவிழாவுக்குப் பேனர், லாரிக் கதவுக்குக் கம்பெனிப் பெயர் எல்லாம் அவள் கைதான். கணினியில் படம் வரையும் அந்த மென்பொருளில் அவளுக்குத் தெரியாத மூலை இல்லை. எழுத்தை அடித்து அப்படியே லேசர் மெஷினுக்கு அனுப்பிவிட முடியாது. தமிழில் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. அக்ரிலிக் தகட்டில் வெட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக உதிர்ந்து கையில் வரும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்து எழுத்தின்மேல் கொஞ்சம் ஏறும்படி நகர்த்தி, புள்ளியைக் கீழே இழுத்து எழுத்தின் தலையைத் தொடவைத்து, மொத்தத்தையும் பிடித்து 'வெல்டு' கொடுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் கோடெல்லாம் மறைந்து சுற்றிலும் ஒரே கோடு மிஞ்சும். பக்கத்திலேயே 'குரூப்' என்று ஒன்று உண்டு. அதில் எல்லாம் சேர்ந்து நகருமே தவிர ஒட்டாது. 'கம்பைன்' என்று இன்னொன்று. அதைக் கொடுத்தாலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் மட்டும் வெறும் ஓட்டையாகிவிடும். இதெல்லாம் லோகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரியும் என்பது வேறு, கை பழகியிருப்பது வேறு.

எந்த எழுத்து எந்த எழுத்தை எங்கே தொட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நகர்த்திக்கொண்டிருப்பாள். நான் கத்துவேன்.

"ஏன்டி லோகா, லாரிக் கதவுக்கு இவ்ளோ அலங்காரமா? அந்த லாரி என்ன பொண்ணு பாக்கவா போவுது?"

"அப்புறம் ரோட்ல அதப் பாக்குறப்ப எனக்குத்தான் மனசு உறுத்தும்க்கா."

அவள் கணவன் பெயர் புனிதன். லாரி டிரைவர். கடைக்கு வந்த ஆரம்ப வருடங்களில் அவனை நான் பார்த்திருக்கிறேன். நல்ல உயரம், சிரித்த முகம். பிறகு ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மாதக் கடைசியில் வருவான் என்று லோகா சொல்வாள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்ப என்னிடம் கேட்பாள். பாசாரில் மீன் வாங்க வேண்டும், அவருக்குத் திருக்கை சம்பல் என்றால் உயிர் என்பாள்.

"போ போ. புருஷன் வர்றாருன்னா நாங்கள்லாம் எங்க கண்ணுக்குத் தெரியப்போறோம்" என்று நான் வம்புக்கு இழுப்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

"ஒரு நாள் கடைக்குக் கூட்டிட்டு வாயேன்டி, பாத்து எத்தினி வருஷமாச்சு" என்றும் கேட்டிருக்கிறேன். "தூங்கி எழுந்திருக்கவே சாயங்காலம் ஆயிடுதுக்கா, அப்பவே திரும்பக் கிளம்பணும்" என்றாள். நானும் நம்பினேன். எங்கள் கடையிலிருந்து அவள் வீடு காரில் இருபத்தைந்து நிமிஷம். பத்தொன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவும் தோன்றியதில்லை, யா அல்லாஹ்.

போன வருடம் கோலா சாவா பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அங்கே ஒரு எஸ்டேட்டை விற்றபோது தொழிலாளர் லயத்தில் இருந்த குடும்பங்களுக்கெல்லாம் வரிசை வீடு கட்டிக் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு வீடு. லோகாவும் அங்கேதான் இருக்கிறாள். குடி வந்து இரண்டு வருடமாகியும் தபால்காரருக்கும் சாப்பாடு கொண்டுவரும் மோட்டார்காரர்களுக்கும் எந்த வீடு யாருடையது என்று விளங்கவில்லை. அதனால் எல்லா கேட்டிலும் ஒரே மாதிரி பெயர்ப் பலகை மாட்டுவதென்று குடியிருப்போர் கமிட்டி முடிவு செய்தது. புருஷன் பெயரும் பெண்சாதி பெயரும் ஒரே வரியில், நடுவே இடைவெளி இல்லாமல், ஒரே துண்டாகக் கறுப்பு அக்ரிலிக்கில் வெட்ட வேண்டும். கமிட்டிச் செயலாளர் திருநாவுக்கரசு பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூடக் கிளார்க். எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

லோகா ஒரு வாரம் அந்த வேலையிலேயே கிடந்தாள். ஒரு வீட்டுப் பெயரைச் சேர்த்து முடித்தால் பட்டியலில் அந்த வரியைப் பென்சிலால் அடிப்பாள். அவள் தெருக்காரர்கள் பெயர்கள்தானே, நாலு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். "இது முத்தாயி அம்மா வீடு, நல்லசாமி அண்ணன் தவறி மூணு வருஷமாச்சு" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். செத்துப்போனவருக்கும் கேட்டில் இடம் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு அந்தக் கமிட்டிமேல் ஒரு மரியாதை வந்தது. அது ரெண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். விசைப்பலகைச் சத்தம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். லோகா பட்டியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கை மௌஸ்மேல் இருந்தது, அசையவில்லை.

"என்னாடி?"

"தலைவலிக்கா. நான் கிளம்பவா?"

முகம் வெளுத்திருந்தது. போகச் சொன்னேன். அவள் போன பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தேழைத் தவிர மற்ற எல்லா வரியிலும் பென்சில் கோடு விழுந்திருந்தது. முப்பத்தேழாவது வரியில் 'லோகேஸ்வரி' என்று மட்டும் இருந்தது. புனிதன் பெயர் இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. செத்தவருக்கெல்லாம் இடம் இருக்கிறது, வெளியூரில் மாடாய் உழைத்து மாதாமாதம் வந்துபோகும் மனுஷனுக்கு இடம் இல்லையா? வாயில்லாப் பூச்சி என்றால் யார் வேண்டுமானாலும் மிதித்துவிட்டுப் போகலாமா? திருநாவுக்கரசுக்குப் போனைப் போட்டுக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேறு யோசனை வந்தது. லோகாவுக்குத் தெரியாமல் நானே இரண்டு பெயரையும் போட்டு வெட்டி, மாட்டும்போது காட்டினால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! என் யோசனை எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. லோகா லீவு சொல்லியிருந்தாள். மற்ற எல்லா வீட்டுக்கும் அவள் முன்பே எழுத்தைச் சேர்த்துத் தயாராக வைத்திருந்ததால் வெட்டுவது சுலபமாகப் போயிற்று. முப்பத்தேழுக்குத்தான் நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு பெயரையும் அடித்து எழுத்தையும் புள்ளியையும் ஒன்றையொன்று தொடவைத்தேன், லோகேஸ்வரியைப் புனிதன் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினேன், அவன் பெயரின் கடைசி எழுத்து அவள் பெயரின் கொம்புமேல் ஏறும்படி வைத்தேன். ஏதோ ஒரு பட்டனை அழுத்தினேன். இரண்டும் ஒரே நிறமாக மாறின. ஏறிய இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு வெள்ளை தெரிந்தது. திரையில் தூசியாக இருக்கும் என்று விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு மெஷினுக்கு அனுப்பினேன்.

வெட்டி முடிந்து தகட்டைத் தூக்கினால் நடுவே ஒரு துண்டு பொட்டென்று கீழே விழுந்தது. பெயர் இரண்டாக ஒடிந்து கைக்கு ஒன்றாய் வந்தது. இன்னொரு தகடு போட்டேன். அதுவும் அப்படியே. திட்டுவதற்குக்கூட ஆளில்லை. வேறு வழியில்லாமல் லோகாவையே கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரச் சேத்தேன்டி. நடுவுல ஓட்டை விழுந்து ரெண்டா ஒடையுது. இந்த மெஷினுக்கு என்னா வந்துச்சுன்னு தெரியல."

"என்னாத்த அழுத்துனீங்க?"

"கம்பைன்னு இருந்துச்சு."

"அத ஏன்க்கா தொட்டீங்க" என்றாள். குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "எந்த வீட்டுப் பலகை?"

மறைக்கத்தான் நினைத்தேன். எனக்கு எங்கே முடிகிறது? "முப்பத்தேழு" என்று சொல்லிவிட்டேன்.



"அதுல ஒரு பேருதானேக்கா இருக்கு?"

"இருந்துச்சு. நான் புனிதனையும் போட்டுட்டேன்லா. நீ வாய மூடிட்டு இருந்தா நானும் இருப்பேனா? கட்டுன புருஷன் பேர விட்டுட்டு எழுதிக் குடுப்பாங்களாம், நீயும் தலைவலின்னு வீட்டுக்குப் போவியாம். நாளைக்கு நானே வந்து மாட்டுறேன் பாரு."

அவள் வீட்டில் ஓடும் டிவியில் மலாய் விளம்பரம் ஒன்று கேட்டது. லைனில்தான் இருக்கிறாயா என்று கேட்டேன். இருக்கிறேன் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மொதல்ல பழையபடி திரும்ப வாங்க. ரெண்டையும் சேத்து செலக்ட் பண்ணுங்க. மேல வரிசையில வெல்டுன்னு இருக்கும், அத அழுத்துங்க. அப்புறம் பெருசாக்கிப் பாருங்க. உள்ளுக்குள்ள கோடு ஏதாச்சும் தெரியுதா?"

"தெரியல."

"அப்ப சரிக்கா. வெட்டுங்க."

நான் நன்றி சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். மூன்றாவது தகடு அழகாக ஒரே துண்டாக வந்தது. வெட்கப்படுகிறாள், அதுதான் பேச்சு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா?

சனிக்கிழமை காலை ஃபாரூக்கும் நானும் வேனில் போனோம். அவர் துளை போட்டு மாட்டுவார், நான் பலகையைப் பிடித்துக்கொள்வேன். வீட்டுக்கு வீடு தே ஓ என்று பாலில்லாத் தேநீர் கொடுத்தார்கள். பலகை முன்னால் நின்று கைப்பேசியில் படம் எடுத்தார்கள். முத்தாயி அம்மாள் நல்லசாமியின் பெயரை முந்தானையால் துடைத்துவிட்டு, எங்கள் பின்னாலேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். கூட இன்னும் ஏழெட்டுப் பேர். முப்பத்தேழாம் வீட்டுக்கு வரும்போது சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது.

லோகா கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். தலையை அப்போதுதான் வாரியிருந்தாள். நான் பலகையைத் தூக்கிப் பிடித்தேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். ஃபாரூக் நாலு திருகாணியையும் முடுக்கிவிட்டார்.

திருநாவுக்கரசு கையில் பட்டியலோடு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கமர்க்கா, லிஸ்ட்ல இப்டி இல்லியே."

அவர் பாவம், என் காதில் மட்டும் விழும்படிதான் சொன்னார். நான் தெருவுக்கே கேட்கும்படி பிடித்துக்கொண்டேன்.

"இல்லதான்! ஏன் இல்லன்னு நானும் கேக்கத்தான் வந்தேன். செத்துப்போன நல்லசாமி அண்ணன் பேரு கேட்ல இருக்கு. உசுரோட இருக்குற புனிதன் பேரப் போட ஒங்களுக்கு என்னா கேடு? மாசாமாசம் ஜொகூர்லேர்ந்து வந்துட்டுப் போறாரா இல்லியா? ஒரு பொம்பள வாயத் தொறக்கலன்னா அவ வீட்டு ஆம்பளயவே இல்லன்னு ஆக்கிடுவீங்களா?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஃபாரூக் என் கையைப் பிடித்து, "கமர், போதும்" என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை.

லோகா பேசினாள். கத்தவில்லை, அழவுமில்லை.

"அவர் வரமாட்டாருக்கா. எட்டு வருஷமா வரல. அங்க அவருக்கு வேற குடும்பம் இருக்கு, பிள்ளயும் இருக்கு."

முத்தாயி அம்மாள்தான் கேட்டைத் திறந்து உள்ளே போய் அவள் கையைப் பிடித்தார்.

"எங்களுக்குத் தெரியாதா, பிள்ள? எல்லாருக்கும் தெரியும்லா. ஜொகூர் கல்யாணத்துக்குப் போனவங்க பாத்துட்டு வந்து அப்பவே சொல்லிட்டாங்க. நீ வெக்கப்படுவேன்னுதான் யாரும் வாயத் தொறக்கல. பேர் வெட்டுறதுலகூட, அவர் பேர வெட்டி நீ சங்கடப்படாம இருக்கட்டும்னு செயலாளரு தானா உன் பேர மட்டும் எழுதிட்டாரு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். லோகா தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத வருஷத்துலேர்ந்தே."

லோகா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை என் முகத்துக்கும் வந்தது.

"மாசக் கடைசி ஆனா மீன் வாங்கிட்டு வந்து சமைப்பேன். வாசக் கதவத் தொறந்து வச்சுக்குவேன், வாசம் வெளிய போவட்டும், அவர் வந்திருக்காருன்னு நீங்கள்லாம் நெனச்சுக்கட்டும்னு. அப்புறம் கதவச் சாத்திட்டு, ரெண்டு பேரு சாப்பாட்டையும் நான் ஒருத்தியே உக்காந்து திம்பேன். எட்டு வருஷம். நீங்க அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பாத்துட்டு இருந்திருக்கீங்க." குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் ஏமாத்துறது தெரிஞ்சுடுமோன்னு பயந்து பயந்து, யாரையும் வீட்டுக்குள்ள விடாம இருந்தேன். தெரிஞ்சவங்க ஒருத்தராச்சும் வந்து கூட உக்காந்திருக்கலாமே! ஒருத்தருக்குமா தோணல?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, சத்தம் வராமல் சாத்தினாள்.

மிச்சம் ஐந்து வீட்டுக்கும் பலகை மாட்டினோம். அந்த ஐந்து வீட்டிலும் தே ஓ யாரும் தரவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். இந்தத் தெருக்காரர்களுக்காவது தெரிந்திருந்தது. நான் எட்டு வருடமும் தினம் மத்தியானம் அவளோடு ஒரே மேசையில் சோறு தின்றிருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்துகொள்ள நான் எங்கே கேட்டேன்? பேசிக்கொண்டல்லவா இருந்தேன்.

வேனில் சாமான்களை ஏற்றிவிட்டு ஃபாரூக் என்னைப் பார்த்தார். "போய்ட்டு வா. நான் இருக்கேன்" என்றார்.

போய்க் கதவைத் தட்டினேன். இரண்டாவது தடவை தட்டியதும் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஏன்க்கா வந்தீங்க?"

"கேள்வியக் கேட்டுட்டு உள்ள போயிட்டே. யாராச்சும் வந்து பதில் சொல்லணும்ல?"

"பதில் இருக்கா?"

"இல்லடி."

பிறகு வழி விட்டாள். "அந்தப் பலகையக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்கக்கா" என்றாள். "திங்கக்கெழம நான் வந்து என் பேர மட்டும் வெட்டிக்கிறேன்." சரி என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

வீடு துடைத்து வைத்தது போல் இருந்தது. கூடத்தில் டிவிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை என் பக்கம் திருப்பிப் போட்டு, "உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் சுவரோரமாகத் தரையில் உட்காரப் போனாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரேன் என்று சொல்ல வாயெடுத்துச் சுற்றிலும் பார்த்தேன். கூடத்தில் இல்லை. சமையலறைக் கதவு திறந்திருந்தது, அங்கேயும் இல்லை. நான் தேடுவதை லோகா பார்த்துவிட்டாள்.

"ஒண்ணுதான்க்கா இருக்கு" என்றாள். "இன்னொண்ணு வாங்குறதுக்குத் தேவையே வரல."